வாட்டர்கலரில் வெள்ளைக் கொக்கு, தும்பைப் பூ: வெள்ளையை எப்படிக் கொண்டுவர்றது?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு பாகூர் ஏரிக்கரைக்குப் போயிடுவேன். மடியில பலகை, பக்கத்துல தண்ணி டப்பா, கொஞ்சம் ட்யூப். ஏரி, கரை, பனைமரம், தூரத்துத் தென்னந்தோப்பு எல்லாம் ஓரளவு கைக்கு வந்துடுச்சு. வெள்ளையா எது வந்தாலும் படம் அங்கயே நின்னுடுது.

நடவு வயல்ல கொக்கு நிக்கும். வயலுக்குப் பச்சை வாஷ் (தண்ணியாக் கரைச்ச வண்ணப் பூச்சு) கொடுத்து, காய விட்டு, அது மேல வெள்ளை போஸ்டர் கலர்ல கொக்கை வரையறேன். ஈரமா இருக்கிறவரைக்கும் பளிச்சுனு இருக்கு. காஞ்சதும் லேசா நீலம் பாரிச்சு மங்கிடுது. அடியில இருக்கிற பச்சையும் கரைஞ்சு மேல வருது. கொக்கை வேற படத்துலேர்ந்து வெட்டி ஒட்டின மாதிரி தெரியுது.

இப்ப வரப்பு முழுக்கத் தும்பை பூத்திருக்கு. அவ்வளவு சின்னப் பூ, அதுவும் கொத்துக் கொத்தா. அதையும் வெள்ளைப் பொட்டு வெச்சுத்தான் காட்டினேன், உயிரே இல்ல. வண்ணம் ஏறாம தாளை மறைக்கிற மாஸ்கிங் ஃப்ளூயிட் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் கழிச்சு உரிச்சப்ப தாளோட தோலும் சேர்ந்து வந்துடுச்சு.

கடைசியா ஒண்ணு. போன கோடையில மொத்தமா வாங்கிவெச்ச தாள்ல இந்த மழைக்கு அப்புறம் வாஷ் போட்டா அங்கங்க புள்ளி புள்ளியா வண்ணம் உள்ள இறங்கிடுது. கலர் காரணமா, தாள் காரணமா? நம்ம ஊர்க் காத்துல வரையறவங்க யாராவது சொல்லுங்களேன்.

வில்லியனூர் டிராயிங் மாஸ்டர் எழுதியது:

அம்மா, பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெட்டியைத் திறந்ததும் பசங்க கேக்கிற முதல் கேள்வி இதுதான்: "சார், வெள்ளை எங்க சார்?" அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையாப் படிங்க.

வாட்டர்கலர்ல வெள்ளை ட்யூப்ல இல்ல, தாள்ல இருக்கு. நம்ம வண்ணம் கண்ணாடித்தன்மை உள்ளது. வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து, அடியில இருக்கிற தாள்ல பட்டு, திரும்பி நம்ம கண்ணுக்கு வருது. உங்க வயலோட பச்சை அப்படித்தான் ஒளிருது. போஸ்டர் கலர் ஒளி புகாத வண்ணம். வெளிச்சம் அதோட மேல்பரப்பிலேயே திரும்பிடும். ஒரே தாள்ல ரெண்டு விதமான ஒளி வந்தா கண்ணு உடனே கண்டுபிடிச்சுடும். உங்களுக்கு ஒட்டின மாதிரி தெரியறது இதனாலதான். இங்கிலாந்துல 1834-லயே வின்சர் அண்ட் நியூட்டன் வாட்டர்கலருக்குன்னு சைனீஸ் ஒயிட்னு துத்தநாக வெள்ளை கொண்டுவந்துட்டாங்க. இன்னைக்கு எல்லாக் கடையிலயும் கிடைக்குது. ஆனாலும் நிலக்காட்சி வரையறவங்கள்ல பெரும்பாலானவங்க தாளை விட்டுவெச்சுத்தான் வெள்ளை காட்டறாங்க. நீங்க கொக்கை வரையாதீங்க. கொக்கைச் சுத்தி இருக்கிற வயலை வரைங்க.

இதுல முக்கால்வாசி வேலை தூரிகை எடுக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடணும். எங்க உக்காரறதுன்னு முடிவு பண்றதுதான் அந்த வேலை. புது நடவு வயல் வெளிர் மஞ்சள்பச்சை. அதுக்கு முன்னாடி கொக்கை விட்டுவெச்சாலும் எடுப்பாத் தெரியாது, ரெண்டும் வெளிர். கொஞ்சம் குனிஞ்சோ பத்தடி தள்ளியோ உக்காருங்க. கொக்குக்குப் பின்னால கரையோட நிழலோ பனைவரிசையோ வரும். அந்தக் கருமைக்கு முன்னாடிதான் வெள்ளை வெள்ளையாகும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தா இது தெளிவாத் தெரியும்: வண்ணம் மறைஞ்சு இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிக்கும். வானத்துக்கு எதிரே பறக்கிற கொக்கையும் இப்படிப் பாருங்க. அது வெள்ளையாவே இருக்காது, வானத்தைவிடக் கருத்து சாம்பலாத்தான் தெரியும். அங்க வெள்ளை போட்டா பொய்.

இனி செய்முறை. ஹெச்.பி. பென்சில்ல கொக்கோட வெளிக்கோட்டை அழுத்தாம போடுங்க. சுத்தமான தண்ணில, கொக்கை மட்டும் விட்டுட்டு, சுத்தியிருக்கிற இடத்தை நனைங்க. காஞ்ச தாளோட விளிம்புல தண்ணி தானா நின்னுக்கும், வண்ணமும் அங்கயே நிக்கும். எட்டாம் நம்பர் உருண்டை பிரஷ், நுனி நல்லா கூடறதா இருந்தா போதும்; சின்ன பிரஷால சுத்திச் சுத்தி வரைஞ்சா விளிம்பு கடினமாயிடும். பின்னணி முழுசையும் ஒரே மூச்சில முடிக்க முடியலன்னா, பனைமரத் தண்டு, வரப்புக் கோடு மாதிரி இயல்பா பிரியற இடத்துல நிறுத்திக்கங்க.

எல்லா விளிம்பையும் கூர்மையா வைக்காதீங்க. அலகும் தலையும் கூர்மையா இருக்கட்டும். முதுகு மின்னுற தண்ணியோட சேர்ற இடத்துல கோடே வேண்டாம், ரெண்டு வெள்ளையும் கலந்து போகட்டும். பார்க்கிறவங்க கண்ணு அந்தக் கோட்டைத் தானாப் போட்டுக்கும்.

இப்ப கொக்கோட உடம்பு. வெயில் படற பக்கம் வெறும் தாள். நிழல் பக்கம் கருப்பைத் தண்ணியில கரைச்சுப் பூசக் கூடாது, அழுக்காயிடும். அல்ட்ராமரைன் நீலத்துல ஒரு துளி பர்ன்ட் சியன்னா, ரொம்பத் தண்ணியா. வயித்துக்கு அடியில உத்துப் பாருங்க, நடவு வயலோட பச்சை அங்க எதிரொளிக்கும். நிழல் ஈரமா இருக்கும்போதே லெமன் எல்லோ கலந்த மெலிசான பச்சை ஒரு தொடு. அந்த ஒரு தொடுதான் கொக்கை அந்த வயல்ல நிக்கவைக்கும். கொக்கோட வண்ணத்துல பாதி அது நிக்கிற இடம் கொடுக்கிறது.

பச்சையைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா கொக்கு எடுபடறது பச்சையைப் பொறுத்தது. ட்யூப்ல வர்ற பச்சையை அப்படியே போடாதீங்க. நாத்துக்கு லெமன் எல்லோவும் கொஞ்சம் தாலோ நீலமும். முத்தின பயிருக்கு அதே கலவையில பர்ன்ட் சியன்னா. பனையோலை நீலம் கலந்த சாம்பல்பச்சை. சவுக்குத்தோப்பு இன்னும் மங்கல், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, துளி மஞ்சள். முந்திரி இலைக்கு மஞ்சள் பழுப்போட பச்சை. நம்ம பக்கத்துல பண்ருட்டி ரோட்டுல போனாலே இத்தனை பச்சையும் ஒரே பார்வையில கிடைக்கும், எல்லாத்துக்கும் அடியில செம்மண்ணு. கேப்பர் மலைச் செம்மண்ணுக்குப் பர்ன்ட் சியன்னாவே போதும், நிழலுக்கு அல்ட்ராமரைன். அந்த ரெண்டு ட்யூப் இல்லாம நான் வீட்டை விட்டுக் கிளம்பறதில்ல.

தும்பைக்கு வருவோம். பூவை எண்ணாதீங்க. பச்சைப் புல்லி வட்டம் உருண்டையா இருக்கு; அதோட ஓரத்துல பூக்கள் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு பூவுக்கும் கீழ் உதடு பெரிசு, விரிஞ்சு தொங்கும். மேல் உதடு சின்னது. தூரத்துலேர்ந்து தெரியற வெள்ளை அந்தக் கீழ் உதடுதான். முதல் வாஷ்ல வெளிர்ப் பச்சையை எல்லா இடத்துலயும் விடுங்க, பூக்கள் வர்ற இடத்தை மட்டும் விட்டுட்டு. நல்லாக் காயட்டும். அடுத்தது நடுத்தரப் பச்சை. இந்தத் தடவை முன்னால இருக்கிற இலைகளையும் விட்டுட்டு இடுக்குகளை மட்டும் நிரப்புங்க. மூணாவது, ஆழமான இடுக்குல மட்டும் கரும்பச்சை. இலை, பூ எதையும் நீங்க வரைஞ்சிருக்க மாட்டீங்க, ஆனா எல்லாம் இருக்கும். கொத்து முழுக்கச் செய்ய வேண்டாம். முன்னால ரெண்டு மூணு கொத்து தெளிவா இருந்தா போதும், மத்தது ஈரத்துல கலங்கட்டும்.

மாஸ்கிங் ஃப்ளூயிட் ரப்பர் பால். நம்ம சூட்டுல அதை ஒரு வாரம் விட்டா தாளோட ஒட்டிக்கிட்டு உறுதியாயிடும். போட்ட அன்னிக்கே உரிச்சுடணும், வாஷ் முழுசாக் காஞ்ச உடனே. வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காய வைக்கக் கூடாது. பிரஷை முதல்ல சோப்புல தொட்டுட்டு அப்புறம் அதுல முக்குங்க, இல்லன்னா பிரஷ் போச்சு. நான் அதைக் கோரைப்புல்லோட மெல்லிய வெளிர்க் கோடுகளுக்கு மட்டும்தான் வெச்சிருக்கேன். கொக்குக்கு வேண்டாம்.

வெள்ளை வண்ணத்தையே தொடக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாம் முடிஞ்ச அப்புறம் தண்ணி மேல ரெண்டு மினுக்கு, பனித்துளியில ஒரு பொட்டு, அதுக்கு வெள்ளை குவாஷ் (ஒளி புகாத வாட்டர்கலர்) நல்லாவே உதவும். காஞ்ச தாளைப் பிளேடு நுனியால லேசாச் சுரண்டினாலும் அந்த மினுக்கு வந்துடும்.

ஊசுட்டேரிப் பறவை (புதுச்சேரி) எழுதியது:

அக்கா, எனக்கு வரையத் தெரியாது, பறவை பார்க்கிறவன். ஊசுட்டேரி 2008-ல பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்டது; பனிக்காலம் முழுக்க என் விடுமுறை அங்கதான் போகும். மாஸ்டர் ஐயா சொன்னதோட, கொக்குன்னு ஒரே பறவை இல்லங்கிறதையும் சேர்த்துக்கங்க. நீங்க அலகுக்கு என்ன வண்ணம் கொடுக்கறீங்கங்கிறதை வெச்சுத்தான் அது எந்தக் கொக்குன்னு எங்களுக்குத் தெரியும்.

சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். நடக்கும்போது அந்த மஞ்சள் விரல் பளிச்சுனு தெரியும். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், கழுத்து குட்டை, மாட்டுக்குப் பக்கத்துலயே திரியும். இனப்பெருக்கக் காலத்துல தலை, கழுத்து, முதுகு ஆரஞ்சாயிடும். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழயே நின்னுடும். உங்க படத்துல மஞ்சள் அலகு, மஞ்சள் பாதம் ரெண்டும் சேர்ந்து இருந்துச்சுன்னா அது சின்னக் கொக்கு இல்ல.

கழுத்து வளைவு ரொம்ப முக்கியம். கொக்குக் குடும்பத்துக்கு ஆறாவது கழுத்தெலும்பு நீளமா, வேற மாதிரி அமைஞ்சது. அதனால கழுத்து ஒரே சீரான வளைவா வராது, ஓரிடத்துல சட்டுனு மடங்கும். அந்த மடிப்பைக் காட்டினா கண்ணு காதெல்லாம் போடாமலே கொக்குன்னு தெரியும். பறக்கும்போது கழுத்தை மடிச்சுத் தோளோட வெச்சுக்கும். அதே வானத்துல கழுத்தை நீட்டிக்கிட்டு ஒண்ணு பறந்தா அது கொக்கு இல்ல, நாரை மாதிரி வேற பறவை. நத்தைகுத்தி நாரைக்கு இறக்கையோட பின்பக்கம் கருப்பு, மூடின அலகுக்கு நடுவுல இடைவெளி தெரியும்.

மடையான்னு ஒரு கொக்கு இருக்கு, அதையும் ஒரு தடவை வரைஞ்சு பாருங்க. நிக்கும்போது மண்ணோட மண்ணா பழுப்பு, கோடு கோடா. பறந்தா இறக்கை முழுக்க வெள்ளை. ஐயா சொன்ன இருட்டுப் பின்னணி விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கிட்ட போகாதீங்க. பறவை கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்க ஆரம்பிச்சாலே போதுமான அளவு நெருங்கிட்டீங்கன்னு அர்த்தம். ஒரு பைனாகுலர் வெச்சுக்கிட்டு கரையிலயே உக்காந்து பார்க்கலாம்.

தாள்கட்டு (புதுச்சேரி) எழுதியது:

தாள் கேள்விக்கு நான் பதில் சொல்றேன், நோட்டு பைண்டிங் தொழில் எனக்கு.

அந்தப் புள்ளி கலர் தப்பில்ல, தாளோட சைஸிங் போயிடுச்சு. வாட்டர்கலர் தாள்ல ஜெலட்டினோ வேற பசையோ ஊட்டியிருப்பாங்க. அதுதான் வண்ணத்தை மேல நிறுத்துது. ஈரக்காத்துல பூஞ்சை அந்தப் பசையைத் தின்னுடும். வெறும் கண்ணுக்குத் தாள் நல்லாத்தான் தெரியும், வாஷ் போட்டதும் பசை போன இடத்துல மட்டும் உள்ள இழுத்துக்கும். வாங்கும்போது நல்ல தாளா இருந்திருக்கும், வெச்ச இடம்தான் காரணம். ஒரு ஓரத்துல வெறும் தண்ணி தடவிப் பாருங்க, கருத்த புள்ளி உடனே வந்தா அந்தக் கட்டு பென்சில் வேலைக்குத்தான் ஆகும். தூக்கிப் போட வேண்டாம்.

வெக்கிற விதம்: செவுத்தோட ஒட்டின அலமாரி கூடாது, கீழ்த்தட்டும் கூடாது. தடிமனான பிளாஸ்டிக் உறையில சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு வாயை ஒட்டிடுங்க. பொட்டலத்தை மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். உறையில போடறதுக்கு முன்னாடி தாள் காஞ்சிருக்கணும், மழை நாள்ல போட்டு மூடினா ஈரத்தை உள்ளயே பூட்டின கணக்கு. மொத்தமா வாங்காம புரட்டாசிக்குள்ள தீர்ற அளவு வாங்கறது இன்னும் நல்லது.

மாஸ்கிங்ல தோல் உரிஞ்சதுக்கும் இதுவே பாதி காரணமா இருக்கலாம். சைஸிங் போன தாளுக்கு மேல்பரப்பு பலமே இருக்காது.

300 ஜி.எஸ்.எம். (தாளோட எடைக் கணக்கு), முழுப் பருத்தி, கோல்டு பிரஸ் (மேல்பரப்பு லேசா சொரசொரப்பானது) கேளுங்க. மரக்கூழ்த் தாள்ல மாஸ்டர் சொல்ற மாதிரி மூணு அடுக்கு போட்டா அடியில இருக்கிறது கிளம்பிடும். நம்ம ஊர்லயே அரவிந்தர் ஆசிரமத்தோட கைவினைக் காகிதத் தொழிலகம் 1959-லேர்ந்து இருக்கு, பருத்தித் துணித் துண்டுலேர்ந்து தாள் செய்யறாங்க. ஆனா கைவினைத் தாள்னாலே வாட்டர்கலருக்கு ஆகும்னு நினைச்சுடாதீங்க. வாழ்த்து அட்டைக்கு, உறைக்கு, அலங்காரத்துக்குன்னு பல வகை இருக்கும். "வாட்டர்கலருக்கு சைஸிங் போட்டது" அப்படின்னு கேட்டு, ஒரு தாள் மட்டும் வாங்கி, வீட்டுல வாஷ் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கட்டா வாங்குங்க.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, தம்பி, தாள்கட்டு அண்ணா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. தண்ணி தடவிப் பார்த்தேன், கட்டு முழுக்கப் புள்ளிதான். பாகூர்ல இன்னைக்கு இடம் மாறி உக்காந்தேன், பனைவரிசையைப் பின்னால வெச்சு. கொக்கு எழுந்து நிக்குது! அலகு கருப்பு, பாதம் மஞ்சள், சின்னக் கொக்குதான் தம்பி.

இன்னும் ஒரு சந்தேகம். தேவனாம்பட்டினம் கடற்கரையில அடப்பங்கொடி பூத்துக் கிடக்கு. நான் பொறுமையா இலை, கொடி, மணல் எல்லாம் முடிச்சுட்டுப் பூவுக்கு வந்தா, பூ சுருங்கிடுது. போட்டோ பார்த்து வரைஞ்சா அந்த ஊதா வரவே மாட்டேங்குது. அப்புறம் அங்க வாஷ் காயவும் ரொம்ப நேரம் ஆகுது.

வில்லியனூர் டிராயிங் மாஸ்டர் எழுதியது:

அடும்பு, அதாவது நீங்க சொல்ற அடப்பங்கொடி, காலையில விரிஞ்சு வெயில் ஏற வாடற பூ. ஒரு நாள் பூ. அதனால வரிசையைத் திருப்பிப் போடுங்க: முதல்ல பூ, அப்புறம் பக்கத்து இலை, மணல் கடைசி. இலையும் கொடியும் நாள் முழுக்க அங்கயேதான் இருக்கும். விடிஞ்சதும் போய், ஒரே பூவை எடுத்துக்கங்க. குழல் உள்ளே கருத்த ஊதா, வெளியே வர வர இளஞ்சிவப்பு. புனல் வடிவத்தை முழுசா நனைச்சு, நடுவுல கெட்டியா வண்ணத்தை விட்டா ஓரத்துக்குத் தானா வெளிறிக்கிட்டு போகும். அங்க ஐந்து மெல்லிய பட்டை நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் ஓடும்; அதை முக்கால் ஈரத்துல போடுங்க. இலை நுனி ரெண்டாப் பிளந்து ஆட்டுக்குளம்பு வடிவத்துல இருக்கும், அதை மட்டும் கோட்டை விட்டுடாதீங்க.

வண்ணத்துக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டாம், வெளிச்சத்துல வெளுத்துப் போயிடும். ட்யூப் பின்னால நிறமிக் குறியீடு பி.ஆர். 83-ன்னு இருந்தா அதுதான் அலிசரின். பி.வி. 19 போட்ட குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்க, நிக்கும். அதோட துளி அல்ட்ராமரைன் சேர்த்தா அந்த ஊதா. போட்டோவுல வராததுக்குக் காரணம் இருக்கு: சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல இருக்கிற இந்த மாதிரி வண்ணத்தை போன் கேமரா பெரும்பாலும் நீலப் பக்கம் தள்ளிடும். பூவுக்குப் பக்கத்துலயே ஒரு துண்டுத் தாள்ல வண்ணத்தைக் கலந்து தடவி, பூவோட வெச்சு ஒப்பிட்டு, அதை எடுத்துட்டு வாங்க. வீட்டுல அதைப் பார்த்து மிச்சத்தை முடிக்கலாம்.

காயாததுக்குக் கடல்காத்தோட ஈரம்தான் காரணம். அவசரப்பட்டு அரைகுறை ஈரத்துல தொட்டீங்கன்னா தண்ணி பின்னோக்கி ஓடி ஓரத்துல கறை கட்டும். ரெண்டு தாள் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு காயும்போது இன்னொண்ணுல வேலை. மார்கழி விடியல்ல இதே ஈரம் நமக்கு லாபம், பனிமூட்டத்துல கெடிலத்து முகத்துவாரம் வரைய அவ்வளவு நேரம் ஈரம் நிக்கும். சித்திரையில கேட்டாலும் கிடைக்காது.

புறங்கையால தாளைத் தொட்டுப் பாருங்க. ஜில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு, தொடாதீங்க. தும்பைப் படத்தையும் கொக்குப் படத்தையும் இங்க போடுங்க, பச்சை எப்படி வந்திருக்குன்னு பார்த்துச் சொல்றேன்.